ஆமாம், அலசித்தான் ஊற்றினேன்

1

போன மாதம் என் புட்டிக்கு ஒரு வயது நிறைந்தது. கைக்குள் அடங்குகிற கண்ணாடிப் புட்டி. நீல மூடி. உள்ளே பார்த்தால் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். ஆய்வகத்தின் ஜன்னலோரத் தட்டில் ஒரு வருடமாக நிற்கிறது. அதில் விசேஷம் என்னவென்றால், இந்த ஒரு வருடத்தில் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. கலங்கவில்லை, அடியில் படியவில்லை, கூழாகி உறையவில்லை. அந்த ஒன்றும் ஆகாமைக்காகத்தான் ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சந்தோஷம் தாங்காமல் படம் எடுத்துத் திருத்தணியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

“இன்னா மஞ்சுளா, வெறும் தண்ணியப் படம் புடிச்சி அனுப்பிகீற? அங்க தண்ணி கூட அதிசயமா?”

அன்று மதியமே அந்தப் புட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். தரக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து வந்த பெண்மணி ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் புட்டியில், எந்தத் தயாரிப்பில் எடுத்தது என்று காட்டும் தொகுதி எண் இல்லை, தேதியும் என் கையெழுத்தும் மட்டும் இருந்தன. “அகற்றவும்” என்று ஒட்டிவிட்டு, சிரித்த முகத்துடன் நல்ல நாளாக அமைய வாழ்த்திவிட்டுப் போனார். இந்த ஊரில் எதைப் பிடுங்கினாலும் வாழ்த்திவிட்டுத்தான் பிடுங்குவார்கள்.

மறுநாள் கணினியில் ஒரு படிவம் வந்து உட்கார்ந்திருந்தது. விலகல் அறிக்கை, அதாவது விதியை விட்டு விலகியதற்கு விளக்கம். ஆறு கட்டங்கள். நான்காவது கட்டம்: விலகலுக்கான காரணம். ஆறாவது கட்டம்: இது மீண்டும் நிகழாமல் இருக்க எடுக்கப்போகும் நடவடிக்கை. கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே எங்கள் குழுத் தலைவர் மார்ட்டின் கையெழுத்து.

நான்காவது கட்டத்தில் “கவனக்குறைவு” என்று ஒரே சொல் எழுதினால் விஷயம் முடிந்துவிடும். புட்டி கழிவுக்குப் போகும். ஒரு வருடம் நான் பார்த்து எழுதியதெல்லாம் செல்லாது. எழுதாவிட்டால் என் கோப்பில் ஒரு சிக்கல் சேரும். என்னுடைய தற்காலிக வேலை ஒப்பந்தத்தை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த மாதம்தான். அதே கோப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

2

“அங்க இன்னா வேல பாக்கற?” என்று ஊரில் கேட்டால் இத்தனை வருடமாக “கெமிக்கல் கம்பெனி” என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண பிளாஸ்டிக்கில் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைந்து நீளச் சங்கிலியாக இருக்கும். அறுந்தால் அறுந்ததுதான். எங்கள் மூலக்கூறுகள் அப்படிப் பிணைவதில்லை, வெறுமனே கைகோத்து நிற்கின்றன. சூடாக்கினால் கையை விடும், ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சூப்ராமாலிக்யூலர் பாலிமர் என்று பெயர். கீறல் விழுந்தால் தானே கூடிக்கொள்ளும் பூச்சு, திரும்பப் பிரித்து எடுக்கக்கூடிய பசை என்று இதை வைத்து நிறைய செய்யலாம்.

செய்ய விட்டால்தானே. முன்னும் பின்னும் கைபிடித்து நில்லுங்கள் என்றால் இவை பக்கத்தில் இருப்பதையும் கட்டிக்கொள்கின்றன. இழை இழையாகத் தனித்தனியே மிதக்க வேண்டியவை கட்டு கட்டாகச் சேர்ந்து, கனத்து, அடியில் மண்டிவிடும். அப்புறம் அது ஊசி வழியாக இறங்காது. தகட்டில் பூசினால் கோடு கோடாக விழும். ஆலைக்காரர்கள் “உங்கள் சரக்கு எங்கள் குழாயை அடைத்துவிட்டது” என்று ஃபோன் செய்வார்கள். நீளவாக்கில் கையை விடக்கூடாது, பக்கவாட்டில் ஒட்டக்கூடாது, கரைசலிலேயே பிரிந்து மிதக்க வேண்டும். எங்கள் குழுவின் மொத்தப் பாடும் இவ்வளவுதான்.

அம்மாவுக்கு இதை இப்படிச் சொன்னேன்.

“ஆடிக் கிருத்திகைக்குப் படியேறுற கூட்டத்த நெனச்சிக்கோம்மா. வெறுங்கையோட ஏறுறவங்க முட்டி மோதிகினு ஒரே எடத்துல அடைச்சிப்பாங்க. பூக்காவடி எடுத்துகினு போறவங்கள யாராவது ஒட்டி நிப்பாங்களா? ஒருத்தர் காவடி பெருசு, ஒருத்தர் காவடி சின்னது. எடம் உட்டுத்தான் நிக்கணும். அதனாலயே வரிசை நகரும்.”

“ஆங், புரியுது. அப்ப உன் பாட்டில்ல கீறவங்களுக்கு நீ காவடி கட்டி உட்டுகீற.”

இதைத்தான் நான் பதினெட்டுப் பக்க அறிக்கையில் எழுதியிருந்தேன்.

மார்ட்டினுக்குத் தூய்மையில் நம்பிக்கை. நல்ல மனிதர், பென்சிலைக்கூட நீளவாரியாக அடுக்கி வைப்பார். எல்லா மூலக்கூறும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும், காவடி மாதிரி பக்கவாட்டில் தொங்கும் வாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி சுத்திகரிக்கச் சொல்வார். நாங்களும் செய்தோம். சுத்தமாக ஆக ஆக அவை இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொண்டன, இன்னும் சீக்கிரம் அடியில் மண்டின. ஒரே அளவு செங்கல் இடைவெளி இல்லாமல்தான் அடுக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன்.

3

என் மூளைக்குத் தோன்றாதது என் கைக்குத் தோன்றியது.

போன வருடம் ஒருநாள், வழக்கமான நீள வால் மூலக்கூறைக் குடுவையில் கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முந்தைய நாளின் சின்னக் குடுவை இருந்தது. அதில் செய்திருந்தது வேறு ஜாதி. கைகள் அதே கைகள், வால் மட்டும் குட்டையாக, புதர் மாதிரி கிளைத்தது. சரியாக வரவில்லை என்று ஒதுக்கியிருந்தோம். குடுவையின் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. விதிப்படி அதைக் கரைப்பானால் கழுவிக் கழிவுக் கேனில் கொட்ட வேண்டும். நான் கரைப்பானை ஊற்றினேன், ஒரு சுழற்று சுழற்றினேன், கொண்டுபோய் அன்றைய குடுவையில் ஊற்றிவிட்டேன்.

ஊற்றிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. குழம்புச் சட்டியில் புளிக் கிண்ணத்தை அலசி ஊற்றாத வீடு எது? மாவு வழித்த பாத்திரத்தில் ஒரு கை தண்ணீர் விட்டுச் சுழற்றித் தோசை மாவிலேயே சேர்க்காதவர் யார்? நம்மில் ஒருவர் கையில் மிச்சம் ஒட்டிய பாத்திரத்தைக் கொடுத்தால் அந்தக் கை சும்மா இருக்காது.

என் மகள் தாரிணிக்கு இது பிடிக்காது. பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் குளியலறைக் கதவைத் தட்டி, “அம்மா, ப்ளீஸ், புதுசு வாங்கலாம்” என்பாள். ஒருமுறை அவளுடைய தோழி சாப்பிட வந்திருந்தபோது தக்காளி சாஸ் பாட்டிலை அலசி நூடுல்ஸில் ஊற்றிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று ஆய்வகத்தில் நான் செய்த உருப்படியான காரியம், செய்ததை உடனே நோட்டில் எழுதியதுதான். “முந்தைய நாள் குடுவையை அலசி இதில் ஊற்றிவிட்டேன்.” எழுதிவிட்டு, கொட்ட மனம் வராமல் கொஞ்சத்தைப் புட்டியில் அடைத்து ஜன்னலில் வைத்தேன். சுத்தமான தொகுதி மூன்றே நாளில் அடியில் மண்டியது. என் புட்டி அப்படியே நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம்.

மார்ட்டினிடம் சொன்னேன். “மஞ்சுளா, அது மாசுபட்ட தொகுதி. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது” என்றார். நியாயம்தான். அதனால் அளந்து செய்தேன். வேலை குறைவான நாட்களில், குட்டை வாலை இவ்வளவு என்று நிறுத்து, ஐந்து தடவை. ரொம்பக் குறைவாகச் சேர்த்தால் பழையபடி மண்டியது. அள்ளிப் போட்டால் பூச்சு இளகிப்போய் வலுவில்லாமல் உரிந்தது. இடையில் ஒரு அளவு இருந்தது, அதில் ஒவ்வொரு முறையும் நின்றது. நீள வாலும் குட்டை வாலும் கலந்து நிற்பதால் இழைகளால் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொள்ள முடியவில்லை. அவ்வளவுதான் சங்கதி. திட்டத்தில் இல்லாத வேலை என்பதால் அந்தப் பதினெட்டுப் பக்க அறிக்கையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

4

நான் ஏன் அந்த ஒரு சொல்லை எழுத மறுக்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும்.

அங்கேதான் நைனாவும் அம்மாவும் டீக்கடை வைத்திருந்தார்கள். நைனா என்றால் என் அப்பா. எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் ஒரே தட்டில் சாப்பிடும். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, காலி பாக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றுவாள் அம்மா. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூட லீவில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்காக லுங்கிக் கட்டுகளோடு நின்றிருந்த ஒரு வியாபாரி இதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது, கண்ணு முன்னாலயே பால்ல தண்ணி ஊத்திகினு கீற?”

“பாக்கெட்டத்தாங்க அலசி ஊத்தறேன். ஒட்டிகினு கீற பாலு வீணாப் போவுதே.”

“அலசுறாங்களாம் அலசு. எல்லாரும் பாத்துக்குங்கப்பா, இதான் இந்தக் கடை டீ.”

பத்துப் பேர் திரும்பினார்கள். நைனா சண்டைக்குப் பயந்த மனிதர். “வுடு, தப்புன்னு சொல்லிட்டுப் போ” என்று அம்மாவின் காதில் சொன்னார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “தப்புதாங்க” என்றாள். வியாபாரி அதே டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

மறுநாளிலிருந்தும் அம்மா அலசத்தான் செய்தாள். ஆனால் குனிந்து, மேஜைக்கு அடியில், யாரும் பார்க்காமல். அவள் “தப்புதாங்க” என்று சொன்னதுகூட எனக்குப் போகட்டும். தப்பே செய்யாதவள் அதற்கப்புறம் தப்பு செய்கிறவள் மாதிரி குனிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

5

படிவங்களோடு எனக்கு ஏற்கனவே பழக்கம் உண்டு. தாரிணியைப் பள்ளியில் சேர்க்கும்போது “வீட்டு மொழி” என்று ஒரு கட்டம். தமிழ், தெலுங்கு என்று எழுதினேன். ஒன்றுதான் எழுதலாம் என்று அலுவலர் தெலுங்கை அடித்துவிட்டார். “இவள் என்னைப் போலவே என் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறாள், என்னோடு தமிழில் சண்டை போடுகிறாள். எதை அடிப்பீர்கள்?” என்று என் ஓட்டை ஜெர்மனில் கேட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கட்டத்துக்கு வெளியே சின்னதாக எழுதிக்கொள்ள அனுமதித்தார். நான் பெரிதாகவே எழுதினேன்.

விலகல் அறிக்கையை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினேன். பேசுவதற்குப் போதுமான ஜெர்மன் என்னிடம் இருக்கிறது, மானத்தோடு சண்டை போடுவதற்குப் போதாது. அதனால் தாரிணியைத் திருத்தச் சொன்னேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, இதை அனுப்பப் போறியா? ஷாம்பூ பாட்டில் மாதிரி அலசினேன்னு ஆபீஸ்ல எழுதப் போறியா?”

“ஷாம்பூன்னு எழுதல. குடுவைன்னுதான் எழுதியிருக்கேன்.”

“கவனக்குறைவுன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. அதுக்கு யாரும் கோவிக்க மாட்டாங்க.”

“உன்னப் பாத்து யாராவது கவனமில்லாம பொறந்தவன்னு சொன்னா ஒத்துப்பியா?”

“அது எப்படி இதுக்குச் சமம்?” என்று முறைத்தாள். சமம் இல்லைதான், கோபத்தில் சொன்னேன். ஆனாலும் உட்கார்ந்து என் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். பொருளில் கை வைக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும், “இது வீக்கா இருக்கு” என்று சொல்லி, நான் எழுதியதைவிடக் காட்டமான ஒரு சொல்லைப் போட்டாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

ஃபோனில் அம்மா அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை.

“ஏன்டி, ஒருத்தரும் பாக்கலியே, அத்த ஏன் நீயா எழுதி வெச்ச?”

“செஞ்சத எழுதணும்மா. அதான் வேல.”

“சரி எழுதிட்ட. இப்ப தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். வேல போச்சுன்னா பொண்ண வெச்சிகினு இன்னா பண்ணுவ? வெள்ளக்காரன் ஊர்ல யாரு கீறாங்க நமக்கு?”

“நான் சொல்ல மாட்டேம்மா.”

“உங்க நைனா மாதிரி கொஞ்சம் எறங்கிப் போவக் கத்துக்கோ.”

“அவரு எறங்கல. உன்னத்தான் எறங்க வெச்சாரு” என்றேன். “குக்கர் வுசிலு வுடுது” என்று சொல்லி அம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

6

வியாழக்கிழமை மார்ட்டின் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் நிரப்பிய படிவம் அவர் முன்னால் இருந்தது. நான்காவது கட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். ஆறாவது கட்டத்தில் இப்படி: “இது மீண்டும் நிகழும். இனி அளந்து செய்வேன்.”

“இதை நான் மேலே அனுப்ப முடியாது. காரணம் கவனக்குறைவு என்று மாற்றுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

“கவனம் இல்லாதவள் நோட்டில் எழுதியிருக்க மாட்டாள். ஐந்து முறை அளந்து பார்த்திருக்கவும் மாட்டாள். மாற்றுவதற்கு முன்னால் என் கரைசலை ஒரு தடவை ஊசியில் ஏற்றிப் பாருங்கள்.”

அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். எழுந்து ஆய்வகத்துக்கு வந்தார். எங்கள் சுத்தமான கரைசலை ஊசிக்குழலில் எடுத்து அழுத்தினார். இரண்டு சொட்டு விழுந்து அடைத்துக்கொண்டது. சூடாக்கி அழுத்தினார், ஆறும் வழியில் மறுபடி அடைத்தது. பிறகு என் புட்டியின் மூடியை அவரே திறந்து, கொஞ்சம் ஊசிக்குழலில் எடுத்து அழுத்தினார். ஒரு வருடக் கரைசல், கடைசிச் சொட்டு வரைக்கும் ஒரே சீராக இறங்கியது. கண்ணாடித் தகட்டில் பூசினார். கோடு இல்லை, கட்டி இல்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளந்து செய்த ஐந்தையும் கேட்டார். அவையும் இறங்கின.

திரும்பி அறைக்கு வந்ததும் அவருடைய பேச்சே மாறிவிட்டது. “மஞ்சுளா, படிவத்தை ரத்து செய்துவிடலாம். இதை முதலிலிருந்தே திட்டமிட்டுச் செய்த வடிவமைப்பு என்று எழுதுவோம். நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் விளக்கக் குறிப்போடு மாறட்டும். உங்கள் ஒப்பந்தத்துக்கும் அது நல்லது. நிரந்தரம் நிச்சயம்.”

சத்தியமாக ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். முதலில் சொல்லச் சொன்ன பொய் என்னைத் தாழ்த்தியது, எறிவது சுலபமாக இருந்தது. இரண்டாவது பொய் என்னை மேதையாக்கியது. தாரிணியின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம், அம்மாவின் பயம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்து நின்றன.

“முடியாது. முதல் தடவை என் கைதான் செய்தது. அதற்கப்புறம் ஐந்து தடவை என் மூளை செய்தது. இரண்டையும் எழுதுவேன். கையை மறைத்துவிட்டு மூளைக்கு மட்டும் பெயர் வாங்க மாட்டேன்” என்றேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன், அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

“மேலே இருப்பவர்கள் இதை இப்படியே ஏற்க மாட்டார்கள்.”

“ஏற்க வேண்டாம். படிக்கட்டும்.”

மார்ட்டின் மேஜையில் கோணியிருந்த ஒரு பென்சிலை நேராக்கி வைத்தார். பிறகு பேனாவை எடுத்துக் கீழே இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

7

கடிதம் வந்துவிட்டது. நிரந்தரம் இல்லை. கோப்பில் விலகல் இருப்பதால் ஒரே ஒரு வருட நீட்டிப்பு. தாரிணி படித்துவிட்டு, “அநியாயம்” என்றாள், தமிழில். புட்டியைக் கொட்ட வேண்டாம், தொகுதி எண் கொடுத்துப் பாதுகாக்கவும் என்று வேறொரு தாளும் கூடவே வந்தது. அழுகை வந்தது, அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து சமைத்தேன். ஒரு வருடம் எனக்குப் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வாங்கும் இருபது வருடம் எனக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை இந்தக் கலவையின் முதல் பெரிய தொகுதியைத் தொடங்கினோம். மார்ட்டின் தானே செய்து பார்க்க வேண்டும் என்று கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். குட்டை வால் மூலக்கூறை நிறுத்து, சின்னக் குடுவையில் கரைத்து, பெரிய குடுவையில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அழகாகச் செய்தார். ஊற்றி முடித்ததும் சுவரில் ஒட்டிய மிச்சத்தோடு சின்னக் குடுவையை எடுத்துக்கொண்டு, இத்தனை வருடப் பழக்கத்தில், கழிவுக் கேன் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, கொட்டாத!” என்று கத்திவிட்டேன். தமிழில், குழுத் தலைவர் என்றும் பாராமல், ஒருமையில்.

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. மார்ட்டினின் கை கேனுக்கு மேலே அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். பிறகு மேஜைக்குத் திரும்பி வந்து, எல்லோர் கண் முன்னாலும், அதில் கொஞ்சம் கரைப்பான் விட்டு, சுழற்றி, அலசி ஊற்றினார்.